ரேஞ்ச் போற ஊர்ல செஸ் கிளாக்குக்கு எத்தனை நிமிஷம்?

கேள்வி: சார், எங்க லைப்ரரி சார்பா ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் 2 மணிலருந்து 5 மணிக்குள்ள ஆன்லைன் செஸ் டோர்னமென்ட் வைக்கிறோம். 24 பசங்க, பாதிப்பேர் எஸ்டேட் லயத்துப் பிள்ளைங்க, மீதி கம்பம், கூடலூர் பக்கம், எல்லாரும் போன்லதான் ஆடுவாங்க. 3 நிமிஷ கேம் வச்சா சட்டுனு முடியும், இன்ஜின் (செஸ் மூவ் சொல்லித் தர்ற கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்) பாத்து ஏமாத்தவும் நேரம் இருக்காதுன்னு கமிட்டில சொல்றாங்க. சரியா வருமா?
– ஒரு வாசகர், வண்டிப்பெரியாறு

பதில்: 3 நிமிஷம் வேண்டாங்க. 10 நிமிஷம், மூவுக்கு 5 செகண்ட் இன்கிரிமென்ட் (ஒவ்வொரு மூவுக்கும் கிளாக்ல கூடற நேரம்), சுவிஸ் முறைல (தோத்தாலும் வெளிய போகாம, கிட்டத்தட்ட ஒரே பாயின்ட் உள்ளவங்களோட ஆடறது) 5 ரவுண்டு, இதான் என் பதில்.

நானும் குமுளிப் பக்கம் பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறவன், மழைக்காலத்துல ரேஞ்ச் எப்படிப் போகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நெட் போனாலும் கிளாக் நிக்காது, அது ஓடிக்கிட்டேதான் இருக்கும். 40 செகண்ட் கட்டானா 3 நிமிஷ கேம்ல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போச்சு, 10 நிமிஷத்துல பதினஞ்சுல ஒரு பங்குதான். இன்கிரிமென்ட் இதுக்கு உதவாது, மூவ் வச்சாதான அந்த செகண்ட் கிடைக்கும், அதனால ரேஞ்சுக்காக ஆரம்ப நேரத்தைக் கூட்டியே ஆகணும்.

அப்போ இன்கிரிமென்ட் எதுக்குன்னா, கடைசிக்கு. போன வருஷம் எங்க பொண்ணு ஒருத்தி இன்கிரிமென்ட் இல்லாத 5 நிமிஷ கேம்ல ரூக்கும் (யானை) ராஜாவும் வச்சிருந்தா, எதிர்ல வெறும் ராஜா மட்டும். மேட் பண்ணத் தெரியும் அவளுக்கு, நான்தான் சொல்லிக் குடுத்தேன். லயத்து வாசப்படில உக்காந்து போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ராஜாவை ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டே வந்தா, இன்னும் மூணு மூவ், டைம் முடிஞ்சிருச்சு. வெறும் ராஜாவால மேட் பண்ண முடியாதுல்ல, அதனால தோல்வி இல்ல, டிரா. ஆனாலும் அரை பாயின்ட் போச்சு, அவ அன்னிக்கு சாப்பிடல. மூவுக்கு 5 செகண்ட் இருந்திருந்தா நிதானமா முடிச்சிருப்பா. இந்த முறைக்கு பழைய வேர்ல்ட் சாம்பியன் பாபி ஃபிஷர் 1989-லயே பேடன்ட் வாங்கிட்டார், இன்னிக்கும் நம்ம ஊர்ல இன்கிரிமென்ட் இல்லாம பிள்ளைங்கள ஆட விடறது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

நேரக் கணக்கு பாத்துருவோம். 60 மூவ் போற நீளமான கேம்னாலும் ஒருத்தருக்கு 10 நிமிஷமும் 300 செகண்டும், அதாவது 15 நிமிஷம், ரெண்டு பேருக்கும் அரை மணி. 5 ரவுண்டுக்கு ரெண்டரை மணி, நடுவுல அஞ்சஞ்சு நிமிஷம் விட்டாலும் 5 மணிக்குள்ள முடியும். 24 பேருக்கு 5 ரவுண்டு போதும். உலக செஸ் அமைப்பான ஃபிடே கணக்குல 60 மூவுக்கு 10 நிமிஷம் வரைக்கும் ப்ளிட்ஸ், அதுக்கு மேல ரேபிட், உங்களோடது இன்கிரிமென்ட் சேத்து 15 நிமிஷம், அதனால ரேபிட். 2017-ல ஆனந்த் 48 வயசுல ஜெயிச்ச வேர்ல்ட் ரேபிட்ல 15 நிமிஷமும் 10 செகண்டும், அது உங்க மூணு மணி நேரத்துக்குள்ள அடங்காது.

இன்ஜின் பயத்துக்காக நேரத்தைக் குறைக்காதீங்க. ஏமாத்தறவன் 3 நிமிஷத்துலயும் ஏமாத்துவான், அடி வாங்கறது மெதுவா யோசிக்கற பிள்ளைதான். பக்கத்துல இருக்கறவங்கள லைப்ரரிக்கே வரச் சொல்லி உக்கார வச்சு ஆட விடுங்க, சார்ஜர் போட பிளக் இருக்கணும். முந்தின நாள் ஒரு ரவுண்டு டெஸ்ட் பண்ணிப் பாருங்க, வீட்டுல ஆடற பிள்ளைங்களோட அப்பா அம்மாகிட்ட 5 மணி வரைக்கும் அந்த நம்பருக்கு யாரும் கூப்பிட வேண்டாம்னு சொல்லி வைங்க.