வாசகர் கேள்வி – பதில்: யூத நண்பருக்கு என்ன பரிமாறலாம்?

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் எங்களுடன் பணியாற்றும் யூத நண்பர், நாங்கள் அன்போடு கொடுத்த கோழிக்கறியைத் தொடவே இல்லை. நாங்கள் ஏதும் தவறு செய்தோமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: இல்லை, சகோதரி. 'கஷ்ருத்' எனப்படும் யூத உணவு நெறியின்படி, கோழி உண்ணத்தக்கதே எனினும், பயிற்சி பெற்றவர் முறைப்படி அறுத்து, இரத்தம் நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இறைச்சியும் பாலும் ஒன்றாகச் சேரக்கூடாது என்பதால் அவற்றுக்கான பாத்திரங்களும் வேறுவேறாகவே இருக்கும். நமது தேங்காய்ப்பால் விலங்கின் பால் அல்ல. ஆகவே தடை குழம்பில் சேரும் தேங்காய்ப்பாலில் அன்று, இறைச்சியிலும் சட்டியிலும்தான் இருக்கிறது. செதிலும் துடுப்பும் உள்ள மீன் ஆகும், இறால் ஆகாது. நறுக்காத வாழைப்பழமும் காகிதக் குவளையில் பிளேன்டீயும் பெரும்பாலும் ஏற்கத்தக்கவை. எனினும் கடைப்பிடிப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், முதலில் அவரிடமே கேளுங்கள்.