ஊர் மக்களே கட்டும் பொதுக்கட்டடம் என்றால் என்ன? அது ஊரின் நடுவை எப்படி உயிர்ப்பிக்கிறது?

ஊராரே யோசித்து, ஊராரே உழைத்துக் கட்டும் பொது இடம்தான் இது. சந்தியில் ஒரு வாசிகசாலை, பஸ்ஸுக்கு நிற்க ஒரு கொட்டகை, சின்னதாய் ஒரு மண்டபம் என்று எதுவாகவும் இருக்கலாம். சிரமதானம் நமக்குப் பழகிய சொல்தான். ஆனால் இங்கே மண்வெட்டியைத் தூக்குமுன்பே, "என்ன கட்டுவது, எங்கே கட்டுவது" என்ற பேச்சிலும் ஊர் இருக்கிறது.

அதனால் என்ன நடக்கிறது? சந்தியில் எந்த நேரம் யார் கூடுவார்கள், எந்த மரநிழலை விடக்கூடாது என்பதெல்லாம் அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். மட்டக்களப்பில் மாரி மழை கொட்டும்போது வெள்ளம் எந்த ஒழுங்கையால் ஏறும் என்பதை, வரைபடத்தைவிட அந்த ஒழுங்கையில் இருக்கும் ஆச்சி சரியாகச் சொல்வா. அத்திவாரத்தின் உயரம் அவவின் வாயிலிருந்தே வந்துவிடும். அப்புறம், கட்டியவர்களே பழுதும் பார்ப்பார்கள். யாரோ கட்டிக்கொடுத்துவிட்டுப் போன கட்டடத்துக்கோ, சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் போகலாம்.

நம்முடைய கூத்துக் களரியை நினைத்துப் பாருங்கள். மண்ணை வட்டமாக உயர்த்தி ஊரே அமைக்கும் மேடை, சுற்றிவரச் சனம். களரிக்கு மண் சுமந்தவர் பாதிக் கூத்தில் எழும்பிப் போவாரா?

"ஊரே கட்டினால் எஞ்சினியர் தேவையில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: 1978 நவம்பர் சூறாவளி கூரைகளைப் பிடுங்கி எறிந்த மாவட்டம் மட்டக்களப்பு, தூணுக்கும் கூரைக்கும் தெரிந்தவர் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும், பிரதேச சபையின் அனுமதியும் வேண்டும்.