அணு எண் என்பது புரோட்டான்களின் எண்ணிக்கையா, எலக்ட்ரான்களின் எண்ணிக்கையா?

புரோட்டான்களின் எண்ணிக்கைதான். மின்சுமையற்ற அணுவில் எலக்ட்ரான்களும் அதே அளவு இருப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

சோடியத்தைப் பாருங்கள். அணு எண் 11. புரோட்டான்கள் 11, எலக்ட்ரான்கள் 11. ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியானால், அதாவது மின்சுமை பெற்ற அணுவானால், மிஞ்சுவது 10. நியானிலும் 10 எலக்ட்ரான்கள்தான். ஆனாலும் சோடியம் நியானாகிவிடுவதில்லை. அணுக்கருவில் 11 புரோட்டான்களும் அப்படியே இருக்கின்றன. அவற்றில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ தனிமமே வேறு. சாதாரண வேதிவினைகளால் அது நடக்காது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: ஆர்கான் அணு பொட்டாசியத்தைவிடச் சராசரியாகக் கனமானது; ஆனாலும் தனிம வரிசை அட்டவணையில் முன்னால் நிற்கிறது. 1913இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர்களை அளந்து, வரிசையைத் தீர்மானிப்பது நிறையல்ல, அணுக்கருவின் மின்சுமையே, அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கையே, என்று காட்டினார். ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19.