ட்ரோன் நடுங்குகிறது, நகர்கிறது, வட்டமடிக்கிறது: பிஐடியை மாற்றினால் சரியாகுமா?

கேள்வி: எஃப்450 ஃபிரேமில் நானே ஒரு ட்ரோன் செய்திருக்கிறேன். பிக்ஸ்ஹாக் கன்ட்ரோலர், அதில் ஓடும் ஆர்டுபைலட் மென்பொருள், 2212 மோட்டார் (920 கேவி), 10 அங்குல ப்ராப் (சுழலும் இறக்கை), மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்ப் ஈஎஸ்சி, 3 செல் லிப்போ பேட்டரி. நன்றாகவே மேலே எழும்புகிறது, ஆனால் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ட்ரோனின் கைகள் நடுங்குகின்றன. ஸ்டெபிலைஸ் மோடில் இடப்பக்கமாகவே போகிறது. ஜிபிஎஸ் பார்த்து ஒரே இடத்தில் நிற்க வேண்டிய லாய்ட்டர் மோடைப் போட்டால் வட்டமடிக்கத் தொடங்கி, வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது. வீடியோக்களைப் பார்த்து பிஐடி எண்களை (சாய்வைக் கன்ட்ரோலர் எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்று சொல்பவை) மாற்றினேன், இன்னும் மோசமானதுதான் மிச்சம். மொட்டை மாடியில்தான் ஓட்டிப் பார்க்கிறேன். கன்ட்ரோலரை மாற்றிவிடட்டுமா?

பதில்: கன்ட்ரோலர் பாவம், அதை விட்டுவிடுங்கள். முதல் வேலையாக, மாற்றிய பிஐடி எண்களையெல்லாம் பழையபடி ஆக்குங்கள். ஆர்டுபைலட் 4-இல் ரோல் (பக்கவாட்டுச் சாய்வு), பிட்ச் (முன்பின் சாய்வு) இரண்டுக்கும் பிஐடியின் முதல் எண்ணான ரேட் பி-யின் ஆரம்ப மதிப்பு 0.135. உங்கள் அளவு ஃபிரேம் அந்த எண்ணிலேயே ஓரளவு ஒழுங்காகப் பறக்கும். பறக்காவிட்டால் ஸ்குருவையும் ப்ராப்பையும் சந்தேகப்படுங்கள்.

படிக்க ஒரே புகார் மாதிரி இருந்தாலும் உங்கள் கேள்விக்குள் மூன்று புகார்கள் இருக்கின்றன. நடுக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒதுங்குவது ஒன்று, வட்டமடிப்பது ஒன்று. மூன்றுக்கும் காரணம் தனித்தனி. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து தேடியதால்தான் பிஐடியில் போய் மாட்டிக்கொண்டீர்கள்.

ஒதுங்குவதை முதலில் முடித்துவிடலாம். ஸ்டெபிலைஸ் மோடில், கீழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்துக் கன்ட்ரோலர் ட்ரோனை நேராகப் பிடிக்கும், அவ்வளவுதான். ட்ரோன் எங்கே நிற்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. மட்டத்தில் ஒரே ஒரு டிகிரி பிசகினாலும், காற்றே இல்லாத இடத்தில்கூட 5 வினாடியில் சுமார் 2 மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே கொஞ்சம் நகர்வது இயல்பு. ஸ்டிக்கை லேசாகத் தட்டித் தட்டி நாம்தான் நிறுத்த வேண்டும்.

ஆனால் எப்போதும் ஒரே பக்கம் போகிறதென்றால் ஒரு சோதனை செய்யலாம். ட்ரோனின் வால் உங்களைப் பார்க்கும்படி நிறுத்தி, எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வேப்பமரத்துப் பக்கம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கி, அப்படியே அரைச் சுற்று திருப்பி, மூக்கு உங்களைப் பார்க்க மறுபடி எழுப்புங்கள். இப்போதும் வேப்பமரத்துப் பக்கமே போனால் அது காற்றின் வேலை. எதிர்ப்பக்கம் போனால் ட்ரோனின் மட்டம் சரியில்லை. அதற்கு, எது மட்டம் என்று கன்ட்ரோலருக்குச் சொல்லிக்கொடுக்கும் லெவல் கேலிபரேஷன் செய்ய வேண்டும். தரையில் நான்கு காலும் படிந்தால் மட்டமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், கால்கள் கோணலாக இருக்கலாம். கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தை எதிரெதிர் கைகளின் மேல் குறுக்காக வைத்து, தேவையான காலுக்கு அடியில் அட்டை சொருகி, குமிழ் நடுவில் வந்த பிறகு கேலிபரேட் செய்யுங்கள்.

அடுத்தது நடுக்கம். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

ப்ராப்பைக் கழற்றுங்கள். (இனி மேசையில் செய்யும் எல்லா வேலைக்கும் ப்ராப் கழற்றியே இருக்கட்டும். 10 அங்குல ப்ராப் விரலில் பட்டால் தையல் போட வேண்டியிருக்கும்.) ஒவ்வொரு ப்ராப்பின் ஓரத்தையும் நகத்தால் வருடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சின்ன வெட்டுகூட நகத்தில் தட்டும். வெட்டு இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். ப்ராப் விலையைப் பார்த்தால் மோட்டார் பேரிங் போகும். நல்ல ப்ராப்பையும் பேலன்சரில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரு இலை கீழே இறங்கினால், மேலே நிற்கும் இலையின் பின்பக்கம் சின்னத் துண்டு செல்லோடேப் ஒட்டுங்கள். படுக்கை வசமாக நிற்கும்வரை டேப்பைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கிய மலிவு ப்ராப்களில் பாதிக்கு மேல் இந்த வைத்தியம் தேவைப்படுகிறது என்பது என் அனுபவம்.

பிறகு ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் சுற்றிவிட்டுக் காதருகே வைத்துக் கேளுங்கள். கரகர என்றால் பேரிங்கில் மண். ப்ராப் இல்லாமல் மெதுவாக ஓடவிட்டு ஷாஃப்ட்டின் நுனியைப் பாருங்கள். அது ஒரே புள்ளியாகத் தெரிய வேண்டும், சின்ன வட்டமாகத் தெரிந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. கீழே விழுந்த ட்ரோன்களில் இது சகஜம்.

கடைசியாக ஃபிரேம். எஃப்450-இன் கைகள் பிளாஸ்டிக், ஸ்குருதான் அவற்றைத் தட்டோடு பிடித்திருக்கிறது. பத்துப் பறப்புக்குள் ஏதாவது ஒன்று தளர்ந்துவிடும். நடுத் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கையின் நுனியையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். ஒரு முறை மூன்று நாள் நான் இப்படி ஒரு நடுக்கத்தைத் துரத்தினேன். ப்ராப் மாற்றினேன், கன்ட்ரோலருக்கு அடியில் ஃபோம் மாற்றினேன், ஒரு மோட்டாரையே மாற்றினேன். கடைசியில் பின் இடது கையின் அடித்தட்டு ஸ்குரு ஒன்று அரைச் சுற்று தளர்ந்திருந்தது. அதிலிருந்து எந்த ட்ரோன் கைக்கு வந்தாலும் முதலில் முறுக்கித்தான் பார்க்கிறேன்.

கன்ட்ரோலர் மென்மையான ஃபோம் டேப் மேல் உட்கார்ந்திருந்தாலும், அதில் மாட்டிய வயர்கள் விறைப்பாக இழுத்துக்கொண்டிருந்தால் அதிர்வு வயர் வழியாக வந்துவிடும். கொஞ்சம் தொய்வு விடுங்கள். இதையெல்லாம் செய்துவிட்டு ஒரு நிமிடம் பறக்கவிட்டு, மிஷன் பிளானரில் (ஆர்டுபைலட்டை அமைக்கும் கணினி மென்பொருள்) வைப் எண்களை, அதாவது அதிர்வின் அளவைப் பாருங்கள். 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 60-ஐத் தாண்டினால் வேறு எதையும் தொடாமல் மறுபடி ப்ராப்பிலிருந்து தொடங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் படபடவென்று வேகமாக நடுங்கி, மோட்டார்களும் சூடாகின்றன என்றால், அப்போது பி அதிகம் என்று சொல்லலாம், குறைக்கலாம். தொட்டில் மாதிரி மெதுவாக ஆடினால் பி போதவில்லை. கையால் எண்களை மாற்றிக்கொண்டிருப்பதைவிட, காற்று ஓய்ந்த ஒரு காலையில், பறந்தபடியே சரியான எண்களைத் தானே தேடும் ஆட்டோட்யூன் போடுவது மேல். ஆனால் அதிர்வு உள்ள ட்ரோனில் ஆட்டோட்யூன் போட்டால் அது தவறான எண்ணைத்தான் கண்டுபிடித்துத் தரும்.

லாகில் (கன்ட்ரோலர் எழுதிவைக்கும் பறப்புப் பதிவு) இன்னொன்றையும் பாருங்கள். ஆர்சிஓயு என்ற பகுதியில் நான்கு மோட்டாருக்கும் கன்ட்ரோலர் அனுப்பிய சிக்னல் இருக்கும். ட்ரோன் நிலையாக நிற்கும்போது நான்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில், 1500-ஐ ஒட்டி இருந்தால் சந்தோஷம். ஒரு பக்கத்து இரண்டு மோட்டார்களும் அதிகமாக உழைத்தால் பேட்டரி அந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. குறுக்கே எதிரெதிராக இருக்கும் ஜோடி, அதாவது 1-ம் 2-ம் அதிகமாகவும் 3-ம் 4-ம் குறைவாகவும் (அல்லது நேர்மாறாக) இருந்தால், ஏதோ ஒரு மோட்டார் நேராக நிற்காமல் சாய்ந்திருக்கிறது. ட்ரோன் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளப் பார்க்கிறது, கன்ட்ரோலர் தடுத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் உயர்ந்திருந்தால் அந்த மோட்டாரோ ப்ராப்போ ஈஎஸ்சியோ சோம்பேறி. ஈஎஸ்சி கேலிபரேஷன் செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ப்ராப் இல்லாமல் த்ராட்டிலை மெல்ல ஏற்றும்போது நான்கும் ஒன்றாகக் கிளம்பாமல் ஒன்று பிந்தினால், செய்யவில்லை என்று அர்த்தம்.

லாகை எடுக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. இரண்டு நிமிடம் பறந்து இறங்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு நான்கு மோட்டாரையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் ஆள் அகப்பட்டான்.

மூன்றாவது, வட்டமடிப்பது. இது பெரும்பாலும் காம்பஸ் கோளாறு. லாய்ட்டரில் ஜிபிஎஸ், 'நீ கிழக்கே தள்ளிவிட்டாய்' என்கிறது. கன்ட்ரோலர் மேற்கே திரும்பப் பார்க்கிறது. ஆனால் காம்பஸ் 40 டிகிரி பொய் சொன்னால் அது மேற்கு என்று நினைத்துத் தென்மேற்கே போகிறது. அங்கிருந்து மறுபடி திருத்தம், மறுபடி தவறான திசை. இப்படித் திருத்தித் திருத்தியே வட்டமாகிவிடுகிறது.

உங்கள் மொட்டை மாடி இங்கேதான் வில்லன். கான்கிரீட் தளத்துக்குள் முழுக்க இரும்புக் கம்பி. அங்கே வைத்துக் கேலிபரேட் செய்த காம்பஸ் கம்பியையும் சேர்த்துப் படித்திருக்கும். போதாததற்குக் கைப்பிடிச் சுவரில் மோதிய காற்று மாடிக்குள் சுழலும். ட்ரோன் தரையை ஒட்டி நின்றால் அதன் காற்றே அதைத் தூக்கிப் புரட்டும். மைதானத்துக்குப் போங்கள், பைக்கிலிருந்து தள்ளி நின்று கேலிபரேட் செய்யுங்கள், கைபேசியைப் பையில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். அப்புறம் தலைக்கு மேல் உயரத்தில் நிறுத்திப் பாருங்கள். (மைதானம் பச்சை மண்டலத்தில், அதாவது முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதியில், இருக்கிறதா என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். 2021 ட்ரோன் விதிகளில் உங்களுடையது 250 கிராமைத் தாண்டிய மைக்ரோ வகை.)

காம்பஸும் உள்ளே இருக்கும் ஜிபிஎஸ் வட்டின் மேல் உள்ள அம்புக்குறி முன்பக்கம் பார்க்கிறதா? அது பேட்டரி வயருக்குப் பக்கத்தில் தட்டிலேயே ஒட்டியிருக்கிறதா? மோட்டாருக்குப் போகும் மின்சாரமே காம்பஸை இழுக்கும். அதனால் வட்டை ஒரு கம்பம் வைத்து 10 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்துங்கள். பேட்டரியின் சிவப்பு, கறுப்பு வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். பிறகு மிஷன் பிளானரைத் திறந்துவைத்து, ட்ரோனை வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று கையால் திருப்புங்கள். 0, 90, 180, 270-ஐ ஒட்டி எண் வர வேண்டும். ஒரு திசையில் மட்டும் 20, 30 பிசகினால் லாய்ட்டர் பக்கமே போகாதீர்கள்.

கன்ட்ரோலருக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு செட் ப்ராப், ஒரு பேலன்சர், ஒரு ஜிபிஎஸ் கம்பம் வாங்கலாம், மிச்சமும் இருக்கும். இதற்குப் பிறகும் மைதானத்தில் வட்டமடித்தால் அந்தப் பறப்பின் லாகை அனுப்புங்கள், பார்க்கிறேன்.