அசையாத விந்தணுவுக்கு மருந்து: குழந்தையைப் பாதிக்குமா?

பிறக்கப்போகும் குழந்தைக்குக் குறை வந்துவிடுமோ என்பதுதான் உங்கள் பயம். கணவரின் விந்தணுக்களில் ஒன்றுகூட அசையவில்லை, இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்தும் முறை) செய்யும்போது ரசாயனம் சேர்த்து அசைய வைப்போம் என்று ஆய்வகத்தில் சொன்னதிலிருந்து தூங்காமல் இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தேடலை இன்றோடு நிறுத்துங்கள்.

அவர்கள் சேர்ப்பது பெரும்பாலும் பென்டாக்ஸிஃபைலின் அல்லது தியோஃபிலின். விந்தணுவுக்குள் இருக்கும், அசைவைத் தூண்டும் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருள் சிதையாமல் இவை தடுக்கும். அது கூடினால் வால் துடிக்கும். அசைவே இல்லாத கூட்டத்தில் உயிருள்ளது எது, செத்தது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. மருந்து பட்ட சில நிமிடங்களில் ஒன்றிரண்டின் வால் லேசாக நெளியும். அதை மட்டும் நுண்ணூசியால் எடுத்து, வேறு துளியில் மருந்து போகக் கழுவித்தான் முட்டைக்குள் செலுத்துவார்கள். இப்படிப் பிறந்த குழந்தைகளுக்குக் கூடுதல் குறை இருப்பதாக இதுவரை தெரியவில்லை.

கணவர் அந்தப் பென்டாக்ஸிஃபைலினை மாத்திரையாக வாங்கி விழுங்குகிறாராம், காபியையும் கூட்டிவிட்டாராம். யாரைக் கேட்டுச் செய்தார்? ஆய்வகத் தட்டில் கிடைக்கும் செறிவு வாய்வழியாக ரத்தத்தில் வரவே வராது. அது கால்களின் ரத்த ஓட்டத்துக்குத் தரும் மாத்திரை. சிலருக்கு ரத்தக்கசிவை உண்டாக்கும். உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

சரி, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'அவருக்குச் சின்ன வயதிலிருந்தே சளியும் சைனஸும் தீர்ந்ததே இல்லை.' நான் நின்றது அங்கேதான். மூச்சுக்குழாயில் சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்களும் விந்தணுவின் வாலும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இயங்குபவை. பிறவியிலேயே அந்த அமைப்பில் பழுது இருந்தால் இரண்டும் ஓடாது. இவர்களில் பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். இக்ஸிக்கு நாள் குறிக்கும் முன்பே நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். இது பெரும்பாலும் தாய், தந்தை இருவர் வழியாகவும் வந்தால்தான் குழந்தைக்கு வரும். நீங்கள் சொந்தத்தில் மணந்தவர்கள் என்றால் மரபணு ஆலோசனையும் தேவை.

ஆய்வகத்திலும் இதைச் சொல்லிவிடுங்கள். வாலின் இயக்கமே பழுதென்றால் மருந்து சேர்த்தும் அது நெளியாமல் போகலாம். அப்போது உப்புச்செறிவு குறைந்த கரைசலில் விட்டுப் பார்ப்பார்கள். உயிருள்ள விந்தணுவின் வால் அதில் சுருண்டுகொள்ளும்.