குறைந்த அளவு கதிர்வீச்சு உடலுக்குக் கெடுதலா? விஞ்ஞானிகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

சர்ச்சை 100 மில்லிசீவர்ட்டுக்குக் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கீழேதான். அதற்கு மேல் புற்றுநோய் கூடுவதை, ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களை 1950 முதல் கவனித்ததில் பார்த்துவிட்டார்கள். கீழே போகப் போகக் கணக்கு மங்குகிறது.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகக் குழுவின் மதிப்பீட்டைப் பாருங்கள்: 100 பேர் தலா 100 மில்லிசீவர்ட் வாங்கினால், வாழ்நாளில் ஒருவருக்கு அதனால் புற்றுநோய் வரலாம். வேறு காரணங்களால் எப்படியும் 42 பேருக்கு வரும். அந்தக் கூட்டத்தில் இந்த ஒருவரை எப்படிப் பிரித்தெடுப்பது?

ஆகவே, அதிக அளவில் பார்த்த ஆபத்து, அளவு குறையக் குறையப் பூஜ்யம்வரை நேர்கோடாகக் குறையும் என்கிறது ஒரு தரப்பு. டிஎன்ஏ சேதத்தை செல்லே சரிசெய்துகொள்ளும், அந்த நேர்கோட்டை அப்படி நீட்டக்கூடாது என்றது 2005-இல் பிரெஞ்சு அறிவியல் அகாடமி. ஆனால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அணுத்துறைத் தொழிலாளர்களை ஆராய்ந்த 2023 இன்வொர்க்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வில், 100-க்குக் கீழும் புற்றுநோயுடன் தொடர்பு தெரிந்தது. எனக்கு இதுவே கனமான சான்றாகப் படுகிறது. அதற்காக, மருத்துவர் கேட்கும் மார்பு எக்ஸ்ரேயைத் தவிர்க்காதீர்கள். அது சுமார் 0.1 மில்லிசீவர்ட்தான்.