புரோகிராம் இல்லாமல் டிபிஎஃப் கோப்பின் ஃபீல்டு அமைப்பை எப்படிப் படிப்பது?

கையில் டிபிஎஃப் கோப்பு (டிபேஸ், ஃபாக்ஸ்புரோ போன்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருள்களின் டேபிள் கோப்பு) மட்டும் இருக்கிறது, அதை எழுதிய பழைய புரோகிராம் இல்லை, முதல் நூறு வரியைப் பார்த்து எது எண் எது எழுத்து என்று நம் புரோகிராமிலேயே ஊகித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊகிக்கவே வேண்டாம். எந்த ஃபீல்டு (அதாவது பத்தி), என்ன வகை, எத்தனை நீளம் எல்லாமே அந்தக் கோப்பின் தலையில், அதாவது தரவுக்கு முன்னால் வரும் தொடக்கப் பகுதியில், எழுதியிருக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியின் பழைய கணக்கை மாற்றித் தரப் போயிருந்தேன். எனக்கு முன்னால் யாரோ அந்தக் கோப்பை ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்து, சேமித்து, புது மென்பொருளில் ஏற்றியிருந்தார்கள். அங்கே இலை போடுகிற சிறு விவசாயிகளில் ஒருவருடைய பாஸ்புக் எண் 0047, பிறகு வந்த வரிசையில் இன்னொருவருக்கு வெறும் 47. ஸ்ப்ரெட்ஷீட் அதை எண் என்று எடுத்துக்கொண்டதும் முன்னால் இருந்த பூஜ்யங்கள் போய், இரண்டு பேர் இலையும் ஒரே கணக்கில் விழுந்துவிட்டது. ஷெட் வாசலில் மழையில் நின்றபடி ஒரு அக்கா, "தம்பி, மூணு மாசமா நான் போட்ட இலை எங்க போச்சு?" என்று கேட்டார். கோப்பின் தலையைத் திறந்தால் அந்த ஃபீல்டின் வகை 'சி', நீளம் 6. எழுத்து என்று அது தெளிவாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, யாரும் படிக்கவில்லை.

சரி, படிப்பது எப்படி? கோப்பை பைனரியாகத் திறந்து முதல் 32 பைட்டை எடுங்கள். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 4 முதல் 7 வரை மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை, 8-9 தலைப்பகுதியின் நீளம், 10-11 ஒரு பதிவின் நீளம். மூன்றுமே சிறிய மதிப்புள்ள பைட் முன்னால் வரும் வரிசை (லிட்டில் எண்டியன்), பைத்தானில் பைட்டுகளை எண்ணாக மாற்றும் ஸ்ட்ரக்ட் மாட்யூலில் இதைச் சொல்லிவிட்டால் ஒரே வரியில் முடியும். அதற்குப் பிறகு ஃபீல்டுக்கு 32 பைட் வீதம் வரிசையாக வரும்: முதல் 11 பைட் பெயர், பிறகு இங்கும் பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 11-வது வகை (சி - எழுத்து, என் - எண், டி - தேதி, எல் - ஆம்/இல்லை, எம் - மெமோ எனும் நீண்ட குறிப்பு), 16-வது நீளம், 17-வது தசம இடங்கள். பெயரை முதல் பூஜ்ய பைட்டோடு வெட்டிவிடுங்கள், சில புரோகிராம்கள் அதற்குப் பின்னால் குப்பையை விட்டு வைத்திருக்கும். 32 பைட்டின் தொடக்கத்தில் பெயருக்குப் பதில் 13 என்ற பைட் வந்தால் ஃபீல்டுகள் முடிந்தன என்று அர்த்தம்.

ஆனால் அந்த 13-க்கு அடுத்த பைட்டிலேயே தரவு தொடங்கும் என்று நினைக்காதீர்கள். விஷுவல் ஃபாக்ஸ்புரோ கோப்பில் நடுவே 263 பைட் கூடுதலாக இருக்கும். 8-9-இல் படித்த நீளத்துக்கு நேராகத் தாவுங்கள்.

அப்புறம் ஒரு சரிபார்ப்பு, இதை விடவே விடாதீர்கள். அந்தத் தேயிலை ஃபேக்டரிக் கோப்பில் ஃபீல்டுகளின் நீளம் பாஸ்புக் எண் 6, தேதி 8, எடை 8, கழிவு 6, கூட்டினால் 28. பதிவு நீளம் 29 என்று இருந்தது. அந்த ஒரு பைட் பதிவின் முதலில் வரும் அழிப்புக் குறி. இந்தக் கணக்கு இடித்தால் நீங்கள் எங்கோ தவறாகப் படித்திருக்கிறீர்கள், தரவைத் தொடாதீர்கள். எடை நீளம் 8, தசமம் 2 என்றால் புள்ளியும் அந்த எட்டுக்குள்தான், அதிகபட்சம் 99999.99, புது டேபிளில் அளவு வைக்கும்போது நினைவில் இருக்கட்டும்.

அழிப்புக் குறி வெற்றிடமாக இருந்தால் பதிவு உயிரோடு இருக்கிறது, நட்சத்திரக் குறி என்றால் பயனர் அழித்தது, கோப்பிலிருந்து இன்னும் போகவில்லை. எண்ணிக்கையில் அதுவும் சேரும் என்பதால், மாற்றிய பிறகு வரிசைகள் குறைந்தால் முதலில் நட்சத்திரங்களை எண்ணிப் பாருங்கள்.